மூன்று மணிச் சோறு

வெஸ்ட்வில் சிறையில்
மூன்று மணிக்கே இராச்சாப்பாடு.
பதினோரு வருஷம்.

சேட்ஸ்வொர்த்தில், கார் நிறுத்தும் கொட்டகையாயிருந்த
எங்கள் ஜெபவீட்டுக்கு
சாகரன் வந்த அன்றும்
சரியாக மூன்றுக்கு அவன் கை
தட்டைத் தேடியது.

பாஸ்டர் வசனம் எழுதிக் கொடுத்தார்.
எனக்கு வசனம் அவ்வளவாக வராது.
பீன்ஸ் குழம்பை மூன்றுக்கு இறக்கினேன்.

உள்ளதைச் சொல்கிறேன், முதலில் அவனைப் பிடிக்கவில்லை.
கைப்பையை ஆணியில் மாட்டாமல்
இடுப்பிலேயே இடுக்கிக்கொண்டு கிளறினேன்.
பார்த்தான்.
மறுநாள் வாசலோரப் பெஞ்சுக்குத்
தட்டை எடுத்துப் போய்விட்டான்.
அன்று குழம்பு அடிப்பிடித்தது.

பிறகு வாரத்துக்குப் பத்து நிமிஷம்
அடுப்பைப் பிந்திப் பற்றவைத்தேன்.
அவனிடம் சொல்லவில்லை,
கர்த்தரிடம் மட்டும்.
மூன்றரை.
நாலு.
கிறிஸ்துமஸ் மழையில் ஐந்தரை.

நேற்று ஏழு மணி.
டயர் கடை வேலை முடிந்து
டாக்ஸியில் நெருக்கியடித்து வந்தவன்
பானை மூடியைத் தூக்கிப் பார்த்து,
"இன்னும் ஆகலையா அக்கா?" என்றான்,
வீட்டாள் மாதிரி முகம் சுளித்து.

"கையைக் கழுவு முதல்ல."

வெங்காயக் கூடையை இழுத்துக்கொண்டு
என் கைப்பை தொங்கும் ஆணிக்குக் கீழே
உட்கார்ந்தான், உரிக்க.