இடது பின் சக்கரம்

சாயல்குடி தாண்டியதும் வந்தது.
ஏதோ கருகுகிறது.

எஞ்சின் இல்லாத வண்டி.
எண்ணெய் இல்லை, புகைக்குழாய் இல்லை,
பழி போடப் பழகிய பொருள் ஒன்றுமே இல்லை.
காலுக்கடியில் முன்னூறு கிலோ பேட்டரி
மூச்சுக் காட்டாமல் படுத்திருக்கிறது.
திரையில் எல்லாம் பச்சை.
சார்ஜ் முப்பத்தொன்று, கீழக்கரை முப்பத்தெட்டு கிலோமீட்டர்.

"என்னங்க, உங்களுக்கு" என்று தொடங்கி
நிறுத்திக்கொண்டேன்.
ஆடியில் வந்த காய்ச்சல் போகும்போது
இதுரீஸின் மூக்கையும் கொண்டுபோய்விட்டது.
அத்தரும் கருவாடும் அவருக்கு இப்போது ஒன்று.
அதற்குத்தான் தூத்துக்குடி டாக்டர்,
அதற்குத்தான் இந்தப் பயணம்.

"என்ன?"
"ஒண்ணுமில்லை."
ஒன்றுமில்லை என்றதும்
இன்னும் கருகியது.

நெயில்பாலிஷ் மாதிரி இனிப்பாக வந்தால்
பையைக்கூட எடுக்காமல் இறங்கி ஓடுங்கள்
என்று வண்டி விற்ற பையன் சொல்லியிருந்தான்.
இழுத்துப் பார்த்தேன். இனிப்பு இல்லை.
ஒயர் உருகினால் வரும் மீன்நாற்றமும் இல்லை.
ஏசியை உள்காற்றுக்குத் திருப்பினேன், மெலிந்தது.
அப்படியென்றால் வெளியே.

வெளியே என்றால் இந்தச் சீமையில் எதுவும் இருக்கலாம்.
சாலையின் இரண்டு பக்கமும் கருவேலம்,
கருவேலத்துக்குள் மண்பூசிய கரிமூட்டங்கள்,
ஓட்டை வழியே புகை விட்டுக்கொண்டு.
கண்ணாடியை இறக்கினேன்.
உப்பளச் சேறு வந்தது, கரிப்புகை வந்தது,
எவரோ காயப்போட்ட சூடை மீன் வந்தது.
தேடியது மட்டும் வரவில்லை.
வேகம் குறைத்தேன்.
வந்தது.

ஓடினால் பின்தங்குகிறது, நின்றால் ஏறிக்கொள்கிறது.
நம்முடையதுதான்.

ஒரு மூட்டத்தின் ஓரமாக நிறுத்தினேன்.
முகத்தில் துண்டு கட்டிய பெண் எழுந்து வந்தாள்.
முத்திருளாயி என்று பிறகு சொன்னாள்.
"எங்க புகை இல்லம்மா இது.
எங்களது புளிக்கும். இது இரும்பு."
அவளும் வண்டியைச் சுற்றி மோந்தாள்,
நானும் மோந்தேன்,
காற்று இரண்டு பேரையும் ஏமாற்றிக்கொண்டிருந்தது.

இதுரீஸ் இறங்கினார்.
ஒன்றும் கேட்கவில்லை.
குனிந்து, ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னால்
உள்ளங்கையை நீட்டினார்,
குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல, தொடாமல்.
முன் வலது. முன் இடது.
பின் வலது.
நான்காவதில் கையை வெடுக்கென்று இழுத்தார்.
"இது."

அப்புறம்தான் எல்லாம் வரிசையில் வந்து நின்றது.
போகும்போதே சார்ஜ் வேகமாக இறங்கியது,
எதிர்க்காற்று என்று விட்டேன்.
திரும்பும்போது காற்று முதுகில், அப்போதும் இறங்கியது.
மதுரை ஆஸ்பத்திரியில் நாங்கள் கிடந்த முப்பத்தாறு நாளும்
கடற்கரைத் தெருவில் ஹேண்ட்பிரேக் போட்டபடி நின்ற வண்டி.
இந்த வண்டிக்கு பிரேக்கே அதிகம் தேவைப்படாது,
காலை எடுத்தாலே மோட்டார் பிடித்துக்கொள்ளும்.
சும்மா கிடந்த இரும்பை உப்புக்காற்று தின்றிருக்கிறது.
பிடித்தது விடமறந்துவிட்டது.

முத்திருளாயி குடத்தோடு வந்தாள். "ஊத்தவா?"
"வேணாம், வெடிச்சிரும்."
ஆளுக்கொரு சொம்பு குடித்தோம்.
முக்கால் மணிநேரம் ஆறவிட்டு
பிரேக்கைப் போட்டு எடுத்து, போட்டு எடுத்து,
பின்னால் ஒரு முழம், முன்னால் ஒரு முழம்.
ஏழாவது தடவை
டக் என்றது.

முப்பது தாண்டாமல் ஓட்டினேன்.
இரண்டு கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்த,
அவர் இறங்கிக் கைநீட்டிவிட்டு ஏறினார்.
"போயிருச்சா?"
"அது போயிருச்சு. இப்ப கரிமூட்டம்தான்."
கொஞ்சம் தூரம் பேசாமல் வந்தார்.
"கரிமூட்டம் எப்படி இருக்கும், சொல்லு."

புளிக்கும் என்றேன்.
அது அவள் வார்த்தை.
என்னுடையதைத் தேடிக்கொண்டே
வாலிநோக்கம் முக்கு வரை வந்துவிட்டேன்,
சார்ஜ் பத்தொன்பது.