விளக்கு எரியவில்லை

என்னுடையது தொண்ணூற்றெட்டாம் வருஷத்து ஜென்.
எண்ணெய்க்கென்று டாஷ்போர்டில் இருந்தது
ஒரே ஒரு சிவப்பு விளக்கு,
சொட்டு விடும் குடுவைப் படம் போட்டது.
சாவியைத் திருப்பினால் எரியும்,
இன்ஜின் பிடித்ததும் அணையும்.
அதற்குமேல் அது வாயைத் திறந்ததில்லை.

"எரிஞ்சா ஓரங்கட்டுங்க" என்றார்
செம்மண்டலம் மெக்கானிக் தணிகாசலம்.
எரிவதற்கு முன்னால்?
"முன்னால நல்லாத்தாம்மா இருக்கும்."

கோரிமேட்டில், டயாலிசிஸ் பிரிவில்,
பதினோரு வருஷமாக வேலை எனக்கு.
நல்லாத்தான் இருக்கும் என்று
அங்கே யாரும் குறிப்பேட்டில் எழுதுவதில்லை.
அரைமணிக்கொரு தரம் அழுத்தம், எண்ணாக.

நெல்லித்தோப்பு உதிரிபாகக் கடையில்
கண்ணாடிக்குப் பின்னால் மூன்று மீட்டர்.
முதலாவதற்கு வால் மாதிரி மெல்லிய செப்புக் குழாய்:
எண்ணெயே ஏறி வந்து முள்ளைத் தள்ளும்.
"இது பொய் சொல்லாதும்மா" என்றார் சிராஜுதீன்.
குழாய் விட்டுப்போனால்
கொதிக்கிற எண்ணெய் என் முழங்காலில்தானே என்றேன்.
அதைத் திரும்ப உள்ளே வைத்தார், மெல்ல.
இரண்டாவது நீல எண்களில் மின்னியது,
எல்லை தாண்டினால் கூவுமாம்.
பகலெல்லாம் கூவல் கேட்கிறவள் நான்.
மூன்றாவது வெள்ளை முகம், கறுப்பு முள்,
பத்து வரை கோடுகள்.
என் வண்டி ஐந்தைத் தாண்டாது.
மிச்சப் பாதிக்கும் சேர்த்துத்தான் விலை கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பிரித்தோம்.
பழைய சுவிட்ச் இருந்த இடத்தில்
பித்தளையில் ஒரு 'டி':
ஒரு தோளில் அந்த விளக்கின் சுவிட்ச்,
மறு தோளில் புது சென்சார்.
சென்சார் இரண்டு சுற்று ஏறி நின்றுவிட்டது,
மரை வேறு.
லேத்துக்காரரைத் தூக்கத்திலிருந்து எழுப்பி
அடாப்டர் கடைந்து வாங்குவதற்குள் மணி மூன்று.

கசியக்கூடாதென்று தணிகாசலம்
டெஃப்லான் டேப்பைச் சுற்றினார், சுற்றினார்,
கட்டுப் போடுகிறவர் மாதிரி.
ஸ்டார்ட் செய்தோம்.
ஒரு சொட்டுக் கசிவில்லை.
முள்ளும் அசையவில்லை.

"மீட்டர் டூப்ளிகேட்டும்மா."

பெட்டிக்குள் பொடியாக மடித்த ஒரு தாள் இருந்தது.
எட்டாவது வரி: சென்சாருக்கு எர்த்
மரை வழியாகத்தான்,
உலோகம் உலோகத்தைத் தொட வேண்டும்.
கழற்றி, உரித்து, ஒன்றரைச் சுற்று மட்டும்,
நுனி மரையை வெறுமனே விட்டு, மறுபடி.
முள் ஒரு தடவை துடித்து
நாலேகாலில் போய் நின்றது.
தணிகாசலம் பேசவில்லை.
கை சுத்தமான பிறகும்
துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

திங்கட்கிழமை.
கன்னியக்கோயில் வரை நாலு.
தவளக்குப்பத்தில் மூன்று.
அரியாங்குப்பம் பாலத்து நெரிசலில்
முன்னால் ஒரு கரும்பு டிராக்டர்,
வண்டி ஐடிலில் நிற்க
ஒன்று.
அப்புறம் முக்கால்.
சிவப்பு விளக்கு எரியவில்லை.
இத்தனை வருஷமும் இதே பாலத்தில்
எரியாத அதை நம்பித்தான்
பாட்டுக் கேட்டிருக்கிறேன்.

"நம்ம பி.பி. மாதிரியா?" என்றாள் பெர்னதெத்,
என்னோடு தினமும் வருகிற நர்ஸ்.
இல்லை. மனுஷருக்கு முகம் வெளுக்கும்,
வாய் குழறும், கையைப் பிடிப்பார்கள்.
இது தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

பேரிங் தேய்ந்திருக்கிறதாம்.
தையில் சீட்டு எடுத்தால்தான் இன்ஜினைத் தொட முடியும்.
அதுவரை கெட்டி எண்ணெய்.
சிக்னலில் அணைத்துவிடுகிறேன்,
பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள்.

மாலை ஷிஃப்ட் முடிந்து பத்தரை மணி,
பெண்ணையாற்றுப் பாலம்.
மீட்டருக்குள் ஒரு குட்டி பல்பு,
அந்த வெளிச்சத்தில்
எலுமிச்சை நிறமாக என் விரல் முட்டிகள்.

"எத்தன தடவதான் பாப்பீங்க அத?"
"பாத்தாத்தானே தெரியும்."
"தெரிஞ்சி?"

கியரை மூன்றுக்கு இறக்கினேன்.
இன்ஜின் இரைந்தது.
கொஞ்ச தூரம் போனபின்
சீட்டில் சாய்ந்திருந்தவள் எட்டிப் பார்த்து,
நான் கேட்காமலே,
"மூணேகால்" என்றாள்.