கைபிடி: இரண்டாம் வரைபடம்

மொத்தமாய்ப் போடு பிள்ளை, என்றார் குணபாலசிங்கம்.
கச்சான் உடைக்கிற மெசின்,
நாளுக்கு ஆறு மூடை.
முறிஞ்சால் ஒட்டுசுட்டான் முழுக்க என்னைத்தான் ஏசும்.

பதினாலு மில்லிமீற்றர், உள்ளே இடைவெளியே இல்லாமல்.
தெரிந்துதான் போட்டேன். காசு அவருடையது.

ஏக்கலையில் அச்சு வெட்டினார்கள்.
பெட்டி வந்த அன்று மாங்குளத்தில் மழை,
சந்தியில் பஸ்ஸின் மேலிருந்து இறக்கினோம்.
ஒவ்வொரு கைபிடியிலும் ஒரே இடத்தில் ஒரு பள்ளம்.
தோல் முதலில் ஆறும்.
நடுவிலுள்ள சூடு பிந்தி ஆறி, சுருங்கி,
ஆறின தோலை உள்ளே இழுக்கும்.

கீழ்த்தாடை அலுமினியம், அதை இங்கேயே வார்க்கிறோம்.
நேர்ச்சுவராய்க் கீறினால் அச்சு விடாது;
ஒன்றரைப் பாகை சாய்த்தால் தானாய்க் கழன்று வரும்.
மூலையைக் கூராய் விட்டால் வெடிப்பு அங்கேதான் தொடங்கும்.
உருக்கவென்று பழைய இரும்புக்காரர் கொண்டுவந்த கட்டிகளில்
ஒன்றில் மரை இருந்தது.
எதனுடைய மரை என்று ஒருவரும் கேட்கவில்லை.
இன்னும் யன்னலடியில் கிடக்கிறது.

பழுதென்று ஒதுக்கின கைபிடியொன்றைப் பூட்டி
யோகமலரிடம் கொடுத்தேன்.
இரண்டு மூடை உடைத்துவிட்டுச் சொன்னா:
"பெருவிரலுக்கு இடம் விட்டது நல்லம்.
ஆனா இந்த வரம்பு உள்ளங்கையை அறுக்குது."

வரம்பு.
அச்சின் இரண்டு பாதியும் சந்திக்கிற கோடு.
வயல்காரி வைத்த பேர் என் புத்தகங்களில் இல்லை.
அழிக்க முடியாது அதை,
எங்கே விழும் என்று மட்டும் தீர்மானிக்கலாம்.

இரவு திரும்பக் கீறினேன்.
சுவர் மூன்று மில்லிமீற்றர், எங்கும் ஒரே அளவு.
உள்ளே குறுக்கு விலாக்கள், சுவரின் பாதித் தடிப்பில்;
அதற்கு மேல் போனால் விலாவே வெளியில் பள்ளமாய்த் தெரியும்.
வரம்பை விரல் மடியாத பக்கத்துக்கு நகர்த்தினேன்.
விலாவை வேண்டுமென்றே பதிவாய் விட்டேன்:
உருக்கை இன்னும் வெட்டலாம்,
வெட்டினதை ஒட்டுவது வலு செலவு.

பிறகு பள்ளம்.
இந்த முறை அது சுருங்கி வராது, நான்தான் போட வேண்டும்.
களிமண் அமத்தி
யோகமலரின் விரலை வாங்கி
ஆழம் அளந்தேன்: ஒன்று தசம் எட்டு.

குணபாலசிங்கம் தூக்கிப் பார்த்தார். பாரமில்லை.
கல்லில் அடித்தார். நிலத்தில் போட்டு மிதித்தார்.
பெருவிரல் தானாய்ப் போய்ப் பள்ளத்தில் இருந்தது.
"பாத்தியோ, நான் சொல்லி மொத்தமாய்ப் போட்டதாலைதானே
இது கிடைச்சது."

இல்லையென்று சொல்ல வாயெடுத்து
விலை பேசத் தொடங்கினேன்.