ஐஸ் தீரும் நாள்

தேங்காப்பட்டணம் துறைக்கு ஒரு கணக்கு உண்டு.
அறுநூறு கட்டி ஏற்றினால் இருபத்தைந்து நாள்.
வெக்கை கூடினால் இருபத்திரண்டு.
அதற்குமேல்
அடியில் கிடக்கும் கேரைக்குச் செவுள் வெளுக்கும்,
கண் குழியும்,
ஏலக்காரன் ஒரு விரலால் அமுக்கிவிட்டு
பேசாமல் அடுத்த கூடைக்குப் போவான்.
அதனால் ஐஸ் தீருமுன் கரையேற வேண்டும்.
தங்குகடலுக்குப் போனவன் திரும்பும் நாளை
இங்கே யாரும் காலண்டரில் வட்டமிட்டதில்லை.
ஏறிய கட்டியைக் கேட்பார்கள்,
மனசுக்குள் வகுப்பார்கள்,
அன்றைக்கு மரச்சீனி வாங்கி வைப்பார்கள்.

எனக்கு ஊர் மார்த்தாண்டம்.
பதினோரு வருஷம் வீட்டு பிரிட்ஜ்களுக்கு கேஸ் அடித்தவன்.
கல்யாண வீட்டு மிச்சம், இன்சுலின்,
ஒரு வீட்டில் மடிப்புக் கலையாத பட்டுச்சேலை
(பூச்சி வராதாம்),
எல்லாம் பார்த்தாயிற்று.

போன மாசியில்
சிலுவைப்பிச்சையின் படகில் நான் பொருத்தியது வேறு சாமான்.
கிடங்கின் நாலு சுவரிலும் குழாய்ச் சுருள்,
பின்னால் அரையடி நுரை,
என்ஜின் அறையில் கம்ப்ரசர்.
கடல்நீரைக் குடிக்கும்,
மீனின் சூட்டைக் கடலிலேயே திருப்பித் துப்பும்.
மைனஸ் இருபது.
துடிக்கத் துடிக்கப் போட்ட சூரை
மறுநாள் காலை விறகு.
தட்டினால் சத்தம் வரும்.
கட்டி வேண்டாம், உடைக்கும் மிஷின் வேண்டாம்,
டீசலுக்கு இன்னொரு டாங்கும் வைத்தாயிற்று.

ஓட்டிப் பார்த்த அன்று
ஜெட்டியில் வந்து நின்றாள் கொன்சீத்தாள்,
பிச்சையின் வீட்டுக்காரி.
எட்டு மாதம்.
கையில் எலுமிச்சை ஊறுகாய்ப் போத்தல்,
மூடியில் பேனாவால் எழுதிய தேதி.
மேலே எண்ணெய் நிற்கணும்,
ஈரக் கரண்டி படக்கூடாது,
ஒரு மாசம் கெடாது என்றாள்.
அவளும் என் தொழில்தான்.

"இது எத்தனை நாளு தாங்கும் அண்ணா?"
"அறுபது நாளு சும்மா ஓடும்" என்றேன்.
ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே சொன்னேன்,
நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது.
அவள் உதடு மட்டும் அசைந்தது.
வகுப்பதற்கு அங்கே கட்டி எதுவும் இல்லை.

"கொஞ்சம் கொறச்சு வச்சா என்ன?"

குளிரைச் சொல்கிறாள் என்று நினைத்து
தெர்மோஸ்டாட்டின் திருகைக் காட்டினேன்.
பத்துக்கு மேல் ஏறினால் சதை கறுக்கும்,
எக்ஸ்போர்ட்காரன் எடுக்க மாட்டான்,
கம்பெனி கையேட்டில் உள்ளதெல்லாம் ஒப்பித்தேன்.

சிரித்துவிட்டாள்.
"குளிரில்ல அண்ணா. நாளு."

அதற்கு எந்தப் பெட்டியிலும் திருகு இல்லை.
படகின் பேரில் இருபத்தெட்டு லட்சம் கடன்;
அதையும் அவள் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
மறுநாள் விடியுமுன் இன்னொரு போத்தல் வந்தது.
முந்தியதைவிடப் பெரிது.
எண்ணெய் ஒரு விரல் கூடுதல்.

முகத்துவாரத்தில் மணல் மேடேறிக் கிடந்தது,
ஏற்றம் பார்த்துக் கடந்து போனார்கள்.

முப்பத்தொன்றாம் நாள்
குழித்துறை ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை.

நாற்பதாம் நாள் சாட்டிலைட் போனில் பிச்சை கூப்பிட்டான்,
எனக்கு; சந்தேகம் ஒன்று கேட்க,
மானியில் முள் ஆடுகிறதாம்.
சரிசெய்யச் சொல்லிக்கொடுத்தேன்.
"மிஷினு தங்கம்டே" என்றான்,
"மொத நாளு பிடிச்சதும் நேத்து பிடிச்சதும்
அடுத்தடுத்து வச்சா
எது எதுன்னு தெரியல்ல."

இந்தச் செய்தியைச் சொல்லத்தான் அவள் வீட்டுக்குப் போனேன்.
குழந்தை விழித்திருந்தது.
"பெறந்தண்ணைக்கு இருந்த மொகம் இல்ல அண்ணா இப்பம்.
போன வாரம் இருந்ததும் இல்ல" என்றாள்,
தொட்டிலை ஆட்டியபடி,
குறையாகச் சொன்ன மாதிரி இல்லை.
காப்பி கொடுத்தாள்.

குளச்சல் ஐஸ் பிளாண்டில் நாலு பேரை நிறுத்திவிட்டார்கள்.
எனக்கு இன்னும் மூன்று படகு.
முன்பணம் வாங்கிவிட்டேன்.