காரூவுக்கு ஒரு படகு

அகமதி சுத்திகரிப்பு ஆலையில்
அழுத்தமானிகள் பொய் சொல்கின்றனவா என்று பார்ப்பது
என் வேலை.
பதினோரு வருடமாக முட்களைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.
தட்டினால் நடுங்கிவிட்டுப்
பழைய இடத்துக்கே திரும்பும் முள்ளை நம்பலாம்.
நகர்ந்து உட்காரும் முள்ளுக்குச் சிவப்புச் சீட்டு.

வியாழன் மாலை கைரான் துறையில்
படகு பார்க்கப் போனபோதும்
விரல் சும்மா இருக்கவில்லை.

கரையோரம் முங்க எந்தப் படகும் போதும்,
ஏதாவது என்றால் நீந்தியே வந்துவிடலாம்.
காரூ அப்படியில்லை.
இருபது மைலுக்கு அப்பால் ஒரு பிடி மணல்,
சுற்றிலும் பவளம்,
அலைபேசியில் ஒரு கோடுகூட இருக்காது.
அங்கே கரை என்று இருப்பது
நாம் வந்த படகுதான்.

நாங்கள் நாலு பேர்.
நான், பல் மருத்துவர் டெல்பின்,
லாரி டயர் விற்கும் நூருல் அமீன்,
உருளையில் ஒரு மிடறு மிச்சமிருக்கும்போது மேலே வந்து
பல் தெரியச் சிரிக்கும் கிரி.

முதல் படகு ஒரு வெள்ளை மாளிகை.
இருபத்தாறு இருக்கை, மேல்தளத்தில் ஊஞ்சல்,
மதியத்துக்கு மட்டன் மச்பூஸ்,
ஆள் உயரத்துக்கு ஒலிபெருக்கி. தலைக்கு முப்பது தினார்.
‘நான் மேலே வரும்போது
படகு அங்கே இல்லையென்றால்?’
‘மேடம், இவ்வளவு பெரிய படகு எங்கே போகும்?’
எல்லாரும் சிரித்தார்கள். கிரியும்.
ஆக்சிஜன் பெட்டியைத் திறக்கச் சொன்னேன்.
சாவி சால்மியாவில் இருந்தது.

இரண்டாவது மலிவு.
கேள்வி முடியுமுன் ‘சரி’ என்றார் அதன் சொந்தக்காரர்.
எட்டுப் பேர்? சரி.
மூன்று தடவை முங்கலாமா? சரி.
வடமேற்குக் காற்று அடித்தால்?
சரி.

மூன்றாவது, இரண்டு தூண்களுக்கு நடுவே
ஒதுங்கிக் கிடந்தது. முப்பதடி இருக்காது.
கழிப்பறைக்குக் கதவு ஒரு திரைச்சீலை.
இரண்டு எஞ்சின், ஒன்றின் மூடி மட்டும் வேறு நிறம்.
மிஷாரி என்ற அந்த ஆள்
விலை சொல்லுமுன் எங்களைத் துருவினார்:
கடைசியாக எப்போது முங்கினீர்கள்?
காதுத் தகராறு யாருக்கு?
காற்றைச் சீக்கிரம் குடிப்பது யார்?
கிரி வானத்தைப் பார்த்தான்.
‘ஆறு பேர் ஏறலாம். காரூ என்றால் நாலுதான்.
மிச்ச எடைக்குப் பெட்ரோல்.’

என் கேள்விக்கு அவர் வாய் திறக்கவில்லை.
பலகைக்கு அடியில் கைவிட்டு
ஆரஞ்சு மிதவை, ஊதல்,
உள்ளங்கை அகலக் கண்ணாடி ஒன்று எடுத்துத் தந்தார்.
‘நான் தொலைந்துபோனால் இது.
வெயிலைத் திருப்பிப் பழகுங்கள்.’
ஆக்சிஜன் மானியைத் தட்டினேன்.
நடுங்கியது. அங்கேயே நின்றது.
நாற்பத்தைந்து தினார்.
டெல்பின் முணுமுணுத்துக்கொண்டே எண்ணிக் கொடுத்தாள்.

வெள்ளி காலை ஐந்தேகாலுக்கு அழைத்தார்.
‘ஷமால் ஏறுகிறது. இன்றைக்கு இல்லை.’
பெரிய படகு அன்றைக்கும் போனது, பாட்டோடு.
ஒன்றும் ஆகாமல் திரும்பியும் வந்தது,
அதையும் சொல்லத்தான் வேண்டும்.
அவர்கள் போட்ட படங்களை
நாள் முழுக்க எனக்கு அனுப்பிக்கொண்டிருந்தான் கிரி.

அடுத்த வெள்ளி கடல்
தட்டில் ஊற்றிய பாகு.
அடியில் கிளிமீன்கள் பவளம் கொறிக்கும் சத்தம்,
பக்கத்து வீட்டில் யாரோ அப்பளம் நொறுக்குவது மாதிரி.
ஓர் ஆமை எங்களைப் பொருட்படுத்தவில்லை.
கிரியின் முள் எழுபதைத் தொட்டதும்
கட்டைவிரலை உயர்த்தினேன்.

மேலே வந்து பார்த்தால்
தண்ணீர். தண்ணீர். மணல்திட்டு. தண்ணீர்.
நெஞ்சுக்குள் ஒரு முள் நகர்ந்து உட்கார்ந்தது.

பிறகு முதுகுப் பக்கம்,
எஞ்சினை அணைத்துவிட்டு, அறுபதடி தள்ளி, அவர்.
கையில் ஓரம் நனைந்த நோட்டு.
ஒவ்வொரு தலையாகப் பார்த்து உரக்க வாசித்தார்:
நூர். தில்பீன். கீரி.
என் ழகரத்துக்கு அரபியில் எழுத்து கிடையாது.
‘எலிலரசி’ என்றார்.

ஊதலை எடுத்து ஊதினேன்.
டிக் அடித்துவிட்டுத்தான்
ஏணியை இறக்கினார்.