கையில் ஒன்றுமில்லாதபோது

கீழுதட்டைக் கடித்தால் இரண்டு ராஜா.
நாக்கு நுனி எட்டிப் பார்த்தால் இரண்டு ஆஸ்.
இரு கண்ணையும் மூடினால்
கையில் ஒன்றுமே இல்லை.

முஸ் ஆட்டத்தில் கூட்டாளிக்குச் சைகை காட்டலாம்.
சைகையில் பொய் கூடாது.
பந்தயத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் புளுகலாம்.

பில்பாவோவில் ஞாயிறு மதியம். சன்னலில் தூறல்.
கணவனும் மாமனாரும் ஓரணி.
எதிரெதிரே நானும் மைஷாபெலும்:
ஐந்து வருடமாக மாமியார்,
மூன்று வருடமாகக் கூட்டாளி.

வெள்ளி இரவு நாலாவது மதுக்கடையில்
என் வேலை போன கதையை
ஈபோன் நண்பர்களுக்கு நடித்துக் காட்டினான்.
நானும் சிரித்தேன்.
குடையை அங்கேயே விட்டுவிட்டு
அவனுக்கு இருபதடி முன்னால்
நனைந்துகொண்டே வீடு வந்தேன்.
சனிக்கிழமை முழுக்க
உப்பு எங்கே என்பது மட்டும்தான் பேச்சு.

சீட்டு வந்தது. நாலு, ஐந்து, ஆறு, ஏழு.
மைஷாபெல் பார்த்தாள்.
கண்களை மூடினேன்.
திறக்கக் கொஞ்சம் நேரமானது.

அவள் தன் சீட்டைத் தொடக்கூட இல்லை.
கொண்டைக்கடலைக் கிண்ணத்தை நடுவில் தள்ளி
"ஓர்தாகோ" என்றாள்.
மொத்த ஆட்டமும் இந்த ஒரு கையில்.
மாமனார் மகனைப் பார்த்தார்.
மகன் தாயைப் பார்த்தான்,
முப்பத்தாறு வருடமாகப் பார்த்த முகம்.
சீட்டைக் கவிழ்த்தான்.

கிளம்பும்போது எதுவும் கேட்கவில்லை அவள்.
மிச்ச மீனை டப்பாவில் அடைத்து
என் கையில் கொடுத்தாள்,
அவன் நீட்டிய கையில் அல்ல.

இரவு பல் துலக்குகிறேன்.
கண்ணாடிக்குள் என் தோளுக்குப் பின்னால்
இரு கண்ணையும் மூடி நிற்கிறான்
எதிரணிக்காரன்.

வாய் நிறைய நுரையோடு
பந்தயம் கட்ட முடியாது.
துப்பிவிட்டு வருகிறேன், இரு.