தொண்ணூற்றேழாம் பக்கம்

மொண்டேவீடியோ துறைமுகத்துக்குப் பின்னால்
கிடங்குபோல ஓர் அச்சகம்.
பதினாறு பக்க மடிப்பு, அதில் ஆறு.
ஆகவே எந்தப் பிரபஞ்சமும்
தொண்ணூற்றாறாம் பக்கத்தில் முடிந்தாக வேண்டும்.
முடித்துவைப்பது என் வேலை.

அட்டையில் கிளிஃப் ராண்டன் என்று போடுவோம்.
தாடை சதுரமான பெயர், நன்றாக விற்றது.
எழுதியவள் எவுலாலியா பெருட்டி,
ஃப்ராய் பென்டோஸ் இறைச்சி ஆலையில்
டப்பாக் கணக்கு பார்க்கும் குமாஸ்தா.
கதை படகில் வரும்,
எடைச்சீட்டுகளின் முதுகில்.
முன்பக்கம்: நாக்கு, 340 பெட்டி, லிவர்பூல்.
பின்பக்கம்: சனியின் வளையத்தில் பனி உடைக்கும் பெண்கள்
கூலி உயர்வு கேட்டு உளியைக் கீழே வைக்கிறார்கள்.
தாளைத் தூக்கினால் லேசாகக் கொழுப்பு வாடை.
விண்வெளி என்றால் இன்றைக்கும் எனக்கு
அந்த வாடைதான்.

அவளுடைய கப்பல்களில் எப்போதும்
சரியாகச் சாத்தாத கதவு ஒன்று இருக்கும்.
யாராவது எழுந்துபோய் முதுகைக் கொடுத்து நிற்பார்கள்,
மற்றவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை.
ஒருவரும் இறைச்சி தொடமாட்டார்கள்.

நான் வெட்டினேன்.
முதலில் வர்ணனை. பிறகு கனவுகள்.
ஒருமுறை இரண்டு நிலாவில் ஒன்றை,
"கதைக்கு ஒன்று போதாதா" என்றார் முதலாளி.
ஆனால் அந்தக் கரையில் நடப்பவனுக்கு
நிழல் இரண்டு விழுவதை எடுக்க மறந்துவிட்டேன்.
சால்டோவிலிருந்து ஒரு பள்ளிப் பையன் கேட்டு எழுதினான்.
கடிதத்தை அவளுக்கே அனுப்பினேன்.
பதில் ஒரு வரி:
"ஒரு நிழல் செலவுக்கு, ஒன்று சேமிப்புக்கு என்று சொல்லிவிடுங்கள்."

பிறகு அந்த இருபத்துமூன்றாவது நாவல்.
ஜன்னலில்லாத நிலையத்தில் ஓர் ஆள்.
கடந்துபோகும் கப்பல்களில் எடை குறைப்பவன்.
பெட்டிகளைக் கழற்றி இருட்டில் விடுவான்.
விடுமுன் ஒவ்வொன்றையும் திறந்து
உள்ளே இருப்பதைப் படித்துவிடுவான்.
இடது கையில் சுண்டுவிரல் பாதி.

எனக்கும் பாதிதான்.
அவள் என்னைப் பார்த்ததே இல்லை.
திருத்தத்துக்கு அனுப்பிய தாள்களின் ஓரத்தில்
என் மைக்கை படிந்திருக்கும்,
நான்கரை விரல்.

அது தொண்ணூற்றேழாம் பக்கத்தில் வந்தது.
மாலை ஆறு மணி. இயந்திரம் சூடாகிவிட்டது.
பையன் எண்ணெய்க் குவளையோடு நிற்கிறான்.
வெட்டினேன்.

அவள் ஒன்றும் கேட்கவில்லை.
அதற்குப் பிறகு பதினெட்டு நாவல்,
எல்லாம் சரியாகத் தொண்ணூற்றாறு.
கத்திக்கு வேலையே இல்லை.

இறந்த செய்தி உள்ளூர்த் தாளில் மூன்று வரி:
ஆலை ஊழியர், மணமாகாதவர், நுரையீரல்.
ராண்டனைப் பற்றிப் பேச்சில்லை.
ராண்டனும் அதற்குப் பிறகு எழுதவில்லை.

அந்தப் பக்கத்தின் ஈயம்
மறுநாள் சோப்பு விளம்பரமாக உருகிப்போனது.
நினைவில் இருப்பது கடைசி வரி, அதிலும் பாதி:
"எல்லாவற்றையும் படித்து முடித்தபின் அவன்"

அதற்குமேல் இயந்திரச் சத்தம்.